பட்டாளத்திலிருந்து தாலுகா கோர்ட்டுக்கு: ஒரு மகளின் கேள்விக்குப் பதில்

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். அப்பா 24 வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு ஹவில்தாராகப் பென்ஷன் வந்திருக்கிறார். வயது 43. பிளஸ் டூ பாஸ். ராணுவம் கொடுத்த 'கிராஜுவேஷன்' சர்டிபிகேட் கையில் இருக்கிறது. இப்போது சட்டம் படித்து உங்கள் ஊர் தாலுகா கோர்ட்டில் வக்கீலாக வேண்டும் என்கிறார். அம்மா பேங்க் செக்யூரிட்டி வேலைக்குப் போகச் சொல்கிறார். நடக்குமா, பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, "அப்பா எல்லையில் சண்டையெல்லாம் பார்த்தவர், கோர்ட்டில் யாராவது ஏதாவது சொல்லிவிட்டால் தாங்குவாரா" என்று? உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று படுகிறது. அதற்கும் வருகிறேன்.

நான் யார் என்று சொல்லிவிடுவது நியாயம். 1988-இல் 19 வயதில் பீரங்கிப் படையில் சேர்ந்தேன். 1999-இல் கார்கில் சண்டையின்போது திராஸ் பக்கம் இருந்தேன். 2005-இல் பென்ஷன். பிறகு சட்டம் படித்து 2009-இல் பதிவு செய்து, வேலூர்ப் பக்கம் ஒரு தாலுகா ஊரில் இன்றுவரை வக்கீல் தொழில். ஊரில் என் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது, 'மிலிட்டரி வக்கீல்' என்றால் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்கூட வழி சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது இந்த ஒரு ஊர் கோர்ட்டும், சென்னையில், படைவீரர்களின் பணி, பென்ஷன் வழக்குகளை விசாரிக்கும் ராணுவத் தீர்ப்பாயத்துக்குப் போய்வந்த அனுபவமும்தான். உயர் நீதிமன்ற வாழ்க்கை வேறு மாதிரி.

உறுதியான விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். அந்த கிராஜுவேஷன் சர்டிபிகேட்டை வைத்து லா காலேஜில் சேர முடியாது. பத்தாவது படித்து 15 வருடம் சேவை முடித்தவர்களுக்கு ராணுவம் தரும் அந்தக் காகிதம், பட்டம் கேட்கும் சில அரசு வேலைகளுக்கு முன்னாள் ராணுவத்தினர் விண்ணப்பிப்பதற்காக ஏற்பட்டது. அது பல்கலைக்கழகப் பட்டம் ஆகாது. இதை வைத்து விண்ணப்பம் போட்டு, பணம் கட்டி, ஒரு வருடத்தைத் தொலைத்த இரண்டு பேரை எனக்கே தெரியும். மூன்று வருட எல்.எல்.பி.க்கு ஒரு முறையான பட்டம் வேண்டும். பார் கவுன்சில் விதிப்படி பொதுப் பிரிவுக்கு 45 சதவீத மதிப்பெண், இதர பிற்படுத்தப்பட்டவர்களுக்கு 42, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40. அஞ்சல் வழியில் வாங்கிய பட்டம் செல்லும், ஆனால் பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டம் செல்லாது. அப்பா பிளஸ் டூ முடித்திருப்பதால் இந்தக் கண்ணியில் அவர் மாட்டவில்லை. நானும் பணியில் இருக்கும்போதே அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தேன். பரீட்சைக்கென்று லீவு கேட்டால் எங்கள் சுபேதார் சிரிப்பார், ஆனால் கொடுத்துவிடுவார்.

ஆக, மூன்று வருடம் பட்டம், அதன்பின் மூன்று வருடம் சட்டம். பிளஸ் டூ முடித்தவருக்கு ஐந்து வருடப் படிப்பும் உண்டு, ஆனால் 18 வயதுப் பிள்ளைகளோடு ஐந்து வருடம் பெஞ்சில் உட்கார்வதை அவர் விரும்புவாரா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். உச்ச வயது வரம்பு விஷயத்தில் பார் கவுன்சில் விதி வழக்கில் சிக்கி நிற்பதால், எந்தப் படிப்பானாலும் அந்த வருட அட்மிஷன் அறிவிக்கையைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். யார் வாய்ச்சொல்லையும் நம்பாதீர்கள், என்னுடையதையும் சேர்த்து. சட்டத்தை அஞ்சல் வழியில் படிக்க முடியாது. ஒவ்வொரு பாடத்துக்கும் 70 சதவீத வருகை வேண்டும். நான் காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னை போய்ப் படித்தேன். விடியற்காலை ரயில், ராத்திரி வீடு. பட்டாளத்துப் பழக்கம் அதில் நன்றாக உதவியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். விடியலில் எழுந்திருப்பது ஒரு தண்டனையாகவே தோன்றவில்லை.

படித்து முடித்தபின் மாநில பார் கவுன்சிலில் பதிவு. வழக்கறிஞர்கள் சட்டம் 1961-இல் இருக்கும் பதிவுக் கட்டணம் 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125. அதற்கு மேல் பதிவுக்கென்று வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30-இல் சொல்லிவிட்டது. அதற்கு முன் பல மாநிலங்களில் பல்லாயிரம் போய்க்கொண்டிருந்தது. பிறகு அகில இந்திய பார் தேர்வு எழுத வேண்டும். நான் பதிவு செய்தபோது அது கிடையாது, 2010-இல்தான் வந்தது. ஆகவே அதைப் பற்றி அனுபவத்தில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, என் ஜூனியர்கள் எழுதிப் பாஸ் செய்கிறார்கள்.

இப்போது அம்மா சொல்லும் பேங்க் வேலை. முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் வக்கீலாகத் தொழில் செய்ய முடியாது, பார் கவுன்சில் விதி 49 தடுக்கிறது. பென்ஷன் வாங்குவதற்கு அந்தத் தடை இல்லை, அது சம்பளமாகாது. ஆனால் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் போட்டுப் பாருங்கள். முதல் மூன்று வருடம் பட்டப் படிப்பு, அதை அஞ்சல் வழியில் படிக்கலாம். அந்த மூன்று வருடம் அவர் பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நின்று சம்பளமும் வாங்கலாம், ராத்திரியில் புத்தகமும் திறக்கலாம். லா காலேஜ் சேரும்போதுதான் வேலையை விட வேண்டியிருக்கும். உங்கள் வீட்டில் அம்மா சொல்வதும் அப்பா சொல்வதும் அடுத்த மூன்று வருடத்துக்கு ஒன்றோடொன்று மோதவே இல்லை. அந்த மூன்று வருடத்தில் பட்டத்தை முடிக்காவிட்டால் ஆசை எவ்வளவு ஆழம் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

வருமானம் பற்றி உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது, என் கதையைத்தான் சொல்லலாம். முதல் வருடம் என் சீனியர் மாதம் 2,000 ரூபாய் கொடுத்தார், அதுவும் எல்லா மாதமும் இல்லை. ஜூனியர்களுக்குப் பெரிய நகரங்களில் 20,000, மற்ற இடங்களில் 15,000 கொடுக்க வேண்டும் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, இந்திய பார் கவுன்சிலும் சுற்றறிக்கை விட்டது. அந்தச் சுற்றறிக்கை எங்கள் தாலுகாவுக்கு வரும் பஸ்ஸை இன்னும் பிடிக்கவில்லை. எனக்கு வீட்டுச் செலவுக்கு வக்கீல் வருமானம் போதும் என்று ஆனது ஆறாவது வருடத்தில். அதுவரை பென்ஷன்தான் அடுப்பெரித்தது. கூடப் படித்த இளைஞர்கள் பலர் இரண்டாம் வருடமே வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். நான் நின்றதற்குத் திறமை காரணமில்லை, மாதா மாதம் பென்ஷன் வந்தது, அவ்வளவே.

தாலுகா கோர்ட் எப்படி இருக்கும் என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரே கட்டடத்தில் மாவட்ட உரிமையியல் நீதிமன்றமும் குற்றவியல் நீதித்துறை நடுவர் நீதிமன்றமும் இருக்கின்றன. காலை பத்தரைக்கு டவாலி வந்து நிற்பார், நீதிபதி அய்யா வருவார், கேஸ் கூப்பிட ஆரம்பிப்பார்கள். எழுபது, எண்பது கேஸ் லிஸ்டில் இருக்கும். பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, நிரந்தரத் தடை கேட்டு வழக்கு, செக் பவுன்ஸ், ஜீவனாம்சம், ஜாமீன். பெரும்பாலானவை வாய்தா. பட்டாளத்தில் ஆறு மணி என்றால் ஐந்து ஐம்பதுக்கு நிற்போம், வேலை முடிந்ததும் 'ஓகே ரிப்போர்ட்' கொடுப்போம். இங்கே ஓகே ரிப்போர்ட் என்பதே கிடையாது. நான் ஜூனியராக வாங்கிய முதல் பாகப்பிரிவினை வழக்கில் முதல்நிலைத் தீர்ப்பு வந்துவிட்டது, இறுதித் தீர்ப்பு மனு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வாதி இறந்து அவர் மகன் வருகிறான். இதைப் பொறுத்துக்கொள்ளத்தான் முன்னாள் சிப்பாய்க்குக் கஷ்டம். யாராவது வைவதைத் தாங்கிவிடலாம், பட்டாளத்தில் வாங்காத வசவா? ஆனால் ஒரு வேலை முடியாமலே கிடப்பதைத் தினம் பார்த்துக்கொண்டிருப்பது வேறு ரகம்.

அவமானம் என்று நீங்கள் பயப்படுவது முதல் இரண்டு வருடம் நிச்சயம் இருக்கும். முதல் நாள் நடுவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டதும் குதிகாலைச் சேர்த்து விறைப்பாக நின்று "எஸ் சார்!" என்றேன். கோர்ட்டே சிரித்தது. அதைவிட உறுத்தியது, என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்ன சீனியரின் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்ததும், அவருடைய குமாஸ்தா என்னை டீ வாங்கி வரச் சொன்னதும். வாங்கிக்கொண்டுதான் வந்தேன். அந்தக் குமாஸ்தாதான் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். எந்த மனுவுக்கு எவ்வளவு கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்பு, வில்லங்கச் சான்றில் எந்த வருடத்திலிருந்து பார்க்க வேண்டும், அடங்கலில் பெயர் மாறியது எப்படிக் கண்டுபிடிப்பது, இதெல்லாம் காலேஜில் யாரும் சொல்லவில்லை. உங்கள் அப்பா ரெக்ரூட்டாகச் சேர்ந்தபோது ஹவில்தார் சொன்னதைக் கேட்டிருப்பார் இல்லையா? 50 வயதில் மறுபடி ரெக்ரூட் ஆகச் சம்மதமா என்று அவரிடம் கேளுங்கள். அவர் உடனே பதில் சொல்லாமல் யோசித்தால் நல்லது.

சண்டையின் மிச்சம் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு நேர்ந்ததை மட்டும். போஃபர்ஸ் பீரங்கிக்குப் பக்கத்தில் வாரக்கணக்கில் இருந்ததில் வலது காது மந்தம், உள்ளே ஒரு ரீங்காரம் ஓயவே ஓயாது. கோர்ட்டில் இடது காது நீதிபதி பக்கம் இருக்கிற மாதிரி கொஞ்சம் திரும்பி நிற்பேன். புதிதாக வரும் நீதிபதிகள் மரியாதைக் குறைவோ என்று பார்ப்பார்கள், பெஞ்ச் கிளார்க் எழுந்து அவர் காதில் சொல்வார். குறுக்கு விசாரணையில் எதிர் வக்கீல் வேண்டுமென்றே சீண்டினால் ஆரம்பத்தில் குரல் உயர்ந்துவிடும். ஒருமுறை மேஜையைத் தட்டிவிட்டேன், நீதிபதி என்னை வெளியே போய்த் தண்ணீர் குடித்து வரச் சொன்னார். இது எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. அப்பாவுக்குத் தூக்கம் சரியில்லை, பட்டாசுச் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறார் என்றால் அதை முதலில் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள், வக்கீல் தொழில் அதற்கு மருந்தாகாது.

அந்தக் காதுதான் என்னை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தது. பென்ஷன் வரும்போது மருத்துவப் பரிசோதனையில் ஒரு பேப்பரை நீட்டினார்கள். ஊருக்குப் போகும் அவசரம், படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். எந்தக் குறையும் இல்லை என்று நானே எழுதிக்கொடுத்திருக்கிறேன் என்று பின்னால்தான் தெரிந்தது. ஊனமுற்றோர் பென்ஷன் கேட்ட நண்பர்களுக்கு ஆவண அலுவலகத்திலிருந்து ஒரே மாதிரிக் கடிதம் வரும்: நோய் சேவையால் வந்ததும் இல்லை, சேவையால் அதிகமானதும் இல்லை. எங்கள் ஆட்கள் அதை 'நானா' என்பார்கள், அந்த ஆங்கில வார்த்தைகளின் முதலெழுத்து. இதில் 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சேரும்போது பதிவேட்டில் குறிக்கப்படாத நோய் பின்னால் வந்தால் அது சேவையால் வந்ததாகவே ஊகிக்க வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு. அடுத்த வருடம் ராம் அவதார் வழக்கில், 50-க்குக் குறைவான சதவீதத்தை 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடும் சலுகை, சர்வீஸை முழுதாக முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்றது. இவ்வளவும் உறுதி. சந்தேகம் எங்கே என்றால், 2023 செப்டம்பரில் தகுதி விதிகளை மாற்றிவிட்டார்கள். அதற்குப் பின் பென்ஷன் வந்தவர்களுக்குப் பழைய ஊகம் அதே பலத்தோடு கிடைக்கும் என்று யாராவது சத்தியம் செய்தால் நம்ப வேண்டாம். அப்பா எந்தத் தேதியில் வந்தார், எந்த மெடிக்கல் கேட்டகரியில் வந்தார் என்பதை அவருடைய டிஸ்சார்ஜ் புக்கில் பாருங்கள். உங்களுக்கே ஒரு கேஸ் இருக்கலாம்.

போர் பார்த்தவர் என்ற பெயர் கோர்ட்டில் உதவுமா என்றால், ஜனவரி 26-க்குக் கொடியேற்றும்போது முன்வரிசையில் நிற்கச் சொல்வார்கள். தீர்ப்பில் அதற்கு ஒரு வரி இடம் கிடையாது, இருக்கவும் கூடாது. உதவுவது வேறு. எங்கள் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் போன ஊர்கள் இருக்கின்றன. அங்கிருந்து ஒரு விதவை வருவார், கணவரின் பென்ஷன் ஆணையில் தன் பெயர் 'லட்சுமி', ஆதாரில் 'லட்சுமி அம்மாள்', ராணுவப் பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளம் ஏற்க மறுக்கிறது என்பார். சிலருக்குக் கல்யாணமே 'பார்ட் டூ ஆர்டரில்', அதாவது சிப்பாயின் கல்யாணம், பிள்ளை பிறப்பு போன்றவற்றைப் பதியும் ராணுவ ஆணையில், ஏறியிருக்காது. பார்ட் டூ ஆர்டர் என்றால் என்னவென்று என் சக வக்கீல்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், உங்கள் அப்பாவுக்கும் தெரியும். வடநாட்டுத் தொழிலாளி யாரையாவது போலீஸ் ரிமாண்டுக்குக் கொண்டுவந்தால் அவனிடம் இந்தியில் பேச அந்தக் கட்டடத்தில் சில நாள் நான் ஒருவன்தான்.

இந்தியச் சிப்பாய்கள் வழக்குச் சட்டம் என்று 1925-இல் வந்த ஒன்று இருக்கிறது. போர்ச் சூழலிலோ விசேஷச் சூழலிலோ பணியில் இருக்கும் சிப்பாய்மீது ஊரில் வழக்குப் போட்டால், அதைத் தள்ளிவைக்கவும், அவன் இல்லாதபோது வந்த ஒருதலைத் தீர்ப்பை ரத்து செய்யவும் வழி தருகிறது. 11-ஆம் பிரிவு, அந்தக் காலத்தைக் காலவரையறைக் கணக்கிலிருந்து கழிக்கச் சொல்கிறது. சியாச்சின் பக்கம் இருந்த ஒரு பையன்மீது சொந்த அண்ணனே பாகப்பிரிவினை போட்டு ஒருதலையாக வாங்கிவிட்டான். நான் உற்சாகமாக 10-ஆம் பிரிவில் மனுப் போட்டேன். தள்ளுபடி. அவன் அந்தச் சூழலில் இருந்தான் என்பதற்கு ராணுவத் தரப்பிலிருந்து வாங்க வேண்டிய சான்றிதழை நான் வாங்கவே இல்லை. சட்டம் யாருக்கும் தெரியாது என்ற பெருமையில் காகிதத்தை மறந்தேன். மேல்முறையீட்டில் சான்றிதழோடு போய்ச் சரிசெய்ய ஒன்றரை வருடம் ஆனது, செலவை நான் ஏற்றுக்கொண்டேன். அந்தப் பையனின் அம்மா இன்றும் என்னை வழியில் பார்த்தால் நின்று பேசுவார், எனக்குத்தான் கூச்சம்.

ஒரு எச்சரிக்கை. முன்னாள் ராணுவத்தினர் பலர், "சார், நீங்களும் நம்ம பட்டாளம்தானே" என்று சொல்லி ஃபீஸ் கொடுக்காமல் போவார்கள். பாதி கேஸ் அப்படித்தான். இன்னொரு பக்கம், வரப்போகும் அரியர்ஸில் இத்தனை சதவீதம் என்று பேசிக்கொண்டு சுற்றும் தரகர்கள் இருக்கிறார்கள். வக்கீல் அப்படிப் பங்கு பேசுவது தொழில் விதிப்படி தவறு. நான் முதலிலேயே ஒரு சின்னத் தொகையைச் சொல்லி, சென்னைக்குப் போய்வரும் செலவைத் தனியாக எழுதிக் கொடுத்துவிடுவேன். ராணுவத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளைக்கு ஒரு நாள் போனால் ஊரில் ஒரு நாள் கேஸ் போகும்.

வக்கீலாக அவர் இன்னும் ஆறு ஏழு வருடம் காத்திருக்க வேண்டும் என்றாலும், இந்த வேலையில் பாதியைத் தொடங்க இப்போதே வழி இருக்கிறது. தாலுகா சட்டப் பணிகள் குழுவில் சட்டத் தன்னார்வலர்களை எடுக்கிறார்கள், அதற்குச் சட்டப் பட்டம் வேண்டாம். 2025 ஜூலையில் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு ராணுவக் குடும்பங்களுக்கென்றே ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது, முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய் விசாரிக்கச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் புக்கைப் படிக்கத் தெரிந்த ஒருவர் வந்து உட்கார்ந்தால் அங்கே வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. கோர்ட் திறந்த இடம், யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பின் பெஞ்சில் உட்காரலாம். செல்போனை அணைத்துவிட்டு, திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் பத்தரையிலிருந்து மதியச் சாப்பாடு வரை உங்கள் ஊர் கோர்ட்டில் அப்பா உட்காரட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்ன பேசுகிறார் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.